லாப்போவுக்கு எந்தக் கொடி

பதினேழு பேட்டை இருக்கிற ஊரில் உனக்கு அந்த ஒரு பேட்டையில்தானா பெண் கிடைத்தாள் என்று அம்மா அண்ணனைக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் நெடோ தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். பேட்டைக்குப் பேட்டை ஒரு பெயர், ஒரு கொடி; நாங்கள் ஆமைப் பேட்டை. அவன் காதலித்த ஃபோஸ்கா நத்தைப் பேட்டை. இத்தாலியில் இருக்கிற எங்கள் சியெனாவில் மற்ற எந்தப் பேட்டையோடும் சம்பந்தம் செய்யலாம், பாதகமில்லை. ஆமைக்கும் நத்தைக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆகாது, அவ்வளவுதான்.

இரண்டு பேட்டைக்கும் நடுவில் ஒரு தெருத்தான். வீட்டுச் சுவரின் மூலையில் சின்னதாக ஒரு சலவைக்கல் பதித்திருக்கும். அதுவரை எங்களுடையது, அதற்கு அப்பால் அவர்களுடையது. வெளியூர்க்காரர்கள் அந்தக் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சின்ன வயதில் எங்களுக்கு அது மதில். அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போவதற்குப் பதிலாகக் கோட்டை வாசல் வரை சுற்றிக்கொண்டு போய் வேறு கடையில் வாங்கி வருவோம். நத்தைக்காரர்கள் முன்னொரு காலத்தில் பந்தயத்தில் தோற்ற கோபத்தில் அந்தோணியார் சிலையைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை. அந்தோணியார் எங்கள் பேட்டையின் பாதுகாவலர். அதனால் அவர்களைப் பார்த்தால் "புனிதரை முக்கினவங்க" என்று கத்துவோம். கத்திவிட்டு ஓடிவிடுவோம்.

கல்யாணம் நடந்தது. கோடையில் இரண்டு முறை சதுக்கத்தில் பேட்டைகளுக்குள் குதிரைப் பந்தயம் வரும்போது அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவான், அண்ணி அவள் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நான்கு நாளும் எதிரில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே கட்டிலில் தூங்குவார்கள். எங்கள் ஊரில் இப்படி வாழ்கிற தம்பதிகள் நிறைய உண்டு. யாரும் வினோதமாக நினைப்பதில்லை.

தகராறு குழந்தையில்தான் வந்தது. பிறப்பது ஆண் என்றால் ஆமைக்கு, பெண் என்றால் நத்தைக்கு என்று முன்பே பேசியிருந்தார்கள். ஆண்தான் பிறந்தது. லாப்போ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பிரசவத்தில் அண்ணி செத்துப் பிழைத்தாள். இனிமேல் பிள்ளை கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரே பிள்ளை என்று ஆனதும் பேச்சு மாறிப்போனது. பிரசவத்தன்றே, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் அண்ணியின் அப்பா தன் பேட்டை மண்ணை ஒரு தட்டில் வைத்திருந்தார், பிள்ளை நத்தை மண்ணின்மேல் பிறக்கட்டும் என்று. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து எங்கள் பேட்டை மண்ணை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனான். தாதி இரண்டு பேரையும் வெளியே பிடித்துத் தள்ளினாள்.

கோயில் ஞானஸ்நானம் ஒரு வழியாக நடந்தது. ஒவ்வொரு பேட்டைக்கும் இருக்கிற ஊற்றில் பிள்ளையின் தலை நனைக்கிற சடங்கு மட்டும் நடக்கவேயில்லை. முதலாவது மோட்சத்துக்கு, இரண்டாவது இந்த ஊருக்கு. தலை நனைத்தவனுக்குத்தான் பேட்டைத் துண்டைக் கழுத்தில் கட்டுவார்கள். அவன் செத்தால் பெட்டியின்மேல் பேட்டைக் கொடியைப் போர்த்தி மேளம் அடித்துக் கொண்டுபோவார்கள். கொடி இல்லாமல் போகிறவன் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரித்தான். பல சண்டைக்குப் பிறகு, அவன் பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள்.

லாப்போ பெரியவனானான், முடிவு மட்டும் செய்யவில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவான். ஊரைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி வேலைக்குப் போனான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை வைத்திருப்பான். நான் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், கட்டி முடிக்காமல் விட்ட கோயிலின் சுவருக்கு மேலே ஏறிப்போகிறவர்களுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலையில் இருந்தேன். தினமும் ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவான். உலகத்திலேயே பெரிய கோயில் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள், கொள்ளை நோய் வந்தது, கட்டினவர்கள் செத்துப்போனார்கள், சுவர் மட்டும் நிற்கிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்பார். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கென்று இருந்த பிள்ளை அவன்தான்.

ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. வசந்தம் வருவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று சாயங்காலம், இந்த ஜூனில் ஏதாவது ஒரு ஊற்றுக்குப் போய்விடுகிறேன் என்று அவனாகவே சாப்பாட்டு மேசையில் சொன்னான். ஜூன் பதிமூன்று ஆமையின் திருநாள், அந்தோணியார் நாள். இருபத்தொன்பது நத்தையின் திருநாள், இராயப்பர் சின்னப்பர் நாள். எந்த நாள் என்று அவன் சொல்லவில்லை. அண்ணனும் அண்ணியும் கேட்கவில்லை. சாகப்போகிற பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது? ஆனால் இரண்டு பேருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைப்பதற்காகத் தங்களையே நொந்துகொண்டும் இருந்தார்கள். நான் மட்டும் யோக்கியமா? எங்கள் ஊற்றுக்கு வரவேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். பிழைக்க வேண்டும் என்று ஏற்றியிருக்க வேண்டும்.

பதிமூன்றுக்கு முந்தின நாள் லாப்போ, ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம், தள்ளிக்கொண்டு போ அத்தை என்றான். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஏற்றமும் இறக்கமுமான கல்தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். மூச்சு வாங்கியது. அவன் எடை பெரிதில்லை, தெருவுக்குத்தான் மனசாட்சி இல்லை. முதலில் என் சுவருக்குப் போனோம். கோயிலாக ஆகியிருக்க வேண்டிய இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. மேலே பெரிய ஜன்னல், அதற்குப் பின்னால் வீடு இல்லை, வெறும் வானம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். தூண்களைக் கட்டினவன் ரொம்ப மெலிசாகக் கட்டிவிட்டான், நோய் வராமல் இருந்தாலும் இது இடிந்துதான் விழுந்திருக்கும் என்றான். பயணிகளிடம் அதைச் சொன்னதே இல்லையாம்.

பிறகு சதுக்கத்துக்கு வந்தோம். பந்தயத்துக்கு மண் கொட்ட இன்னும் நாள் இருந்தது. சிப்பி மாதிரி சரிந்து போகிற செங்கல் தரையில் பிள்ளைகள் உருண்டு விளையாடினார்கள். கோபுரத்தின் நிழல் அவர்கள்மேல் விழுந்திருந்தது. கோபுரத்தின் காலடியில் கொள்ளை நோய் தீர்ந்ததற்கு நேர்ந்துகொண்டு கட்டின சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே நாற்காலியை நிறுத்தச் சொன்னான்.

"அத்தை, கோபப்படாம கேளு."

"கோபப்படுற மாதிரி இருந்தா சொல்லாத."

"நான் நத்தைக்குப் போறேன்."

நத்தைக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை பொங்கியது. கோபுரத்தைப் பார்த்தேன். அவனே சொன்னான்.

"அப்பாவுக்குப் பேட்டை இருக்கு. பாட, குடிக்க, சண்டை போட எப்பவும் சுத்தி ஆள் இருக்கு. அம்மா அவ பேட்டைப் பக்கம் போறதையே விட்டுட்டா, கவனிச்சியா? அங்க போனா என்னை இழுக்கிற மாதிரி ஆயிடும்னு. அப்பா இழுத்துக்கிட்டேதான இருந்தாரு? விட்டுக்குடுத்தவளுக்கு ஒரு தடவையாவது கிடைக்கட்டுமே."

"உங்கப்பன் செத்துப்போயிடுவான்டா," என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

அவன் சிரித்தான். "வரிசையில நான் முன்னாடி நிக்கிறேன் அத்தை."

அவனே அப்பாவிடம் சொல்லட்டும் என்றேன். முடியாது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தெம்பு என்னிடம் இல்லை, இருபத்தொன்பதுக்குப் பிறகு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றான். இதையும் என் தலையில் கட்டுகிறாயா என்று திட்டிக்கொண்டே வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. மத்தியானம் வரை தூங்கினான். அண்ணன் விடிவதற்கு முன்பே எழுந்து சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, புதுத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊற்றடிக்குப் போய்விட்டான். பிள்ளையை எழுப்பவில்லை, கூப்பிடவுமில்லை. அவனாக வர வேண்டும் என்ற பிடிவாதம். பேட்டைத் தலைவர் செத்திமியோ ஒவ்வொரு கைக்குழந்தையின் தலையிலும் தண்ணீர் தெளித்தார். குழந்தைகள் வீறிட்டன, எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வரமாட்டான் என்று தெரிந்துகொண்டே நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை! எல்லோரும் போன பிறகு, கடைசியாகத் தண்ணீரில் கையை நனைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து லாப்போவின் அறைக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்பான், அதற்குமேல் பேச்சில்லை.

அண்ணியிடம் லாப்போ அன்று இரவே சொல்லிவிட்டான். அவள் நத்தைத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, துவைத்து, இஸ்திரி போட்டு அவன் தலையணைக்கு அடியில் வைத்தாள். எனக்கு மட்டும் காட்டினாள். சந்தோஷப்பட வெட்கப்பட்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்து எனக்கே பொறாமை போய்விட்டது.

இருபத்தொன்பது வரை அவன் இருக்கவில்லை. இரண்டு திருநாளுக்கும் நடுவில், ஒரு மத்தியான வேளையில், தன் அம்மாவிடம் தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டான்.

சவப்பெட்டி வந்தது. பிள்ளையைக் கிடத்தியிருந்த அறைக்கு அண்ணன் வரவில்லை. சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தான். என்ன கொடி போர்த்துவது என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"ஒரு கொடியும் வேண்டாம். அவன் என்னை வேண்டாம்னுட்டுப் போனவன். நத்தைக்காரங்க போர்த்தினா போர்த்தட்டும், நான் வரல."

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையணைக்கு அடியில் இருந்த துண்டை எடுத்துக் காட்டினால் போதும். எங்கள் ஊற்றுக்கு அவன் வராததைக் கேள்விப்பட்டு, நத்தைப் பேட்டையில் கொடியைத் தயாராக மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அழவும் இல்லை. அழாததுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் எங்கள் பேட்டை மண்டபத்துக்குச் செத்திமியோ அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நாலு பேரோடு இருக்கட்டும் என்று நானும் கூடப் போனேன். மது ஊற்றிக் கொடுத்தார்கள், அவன் தொடவில்லை. அப்போது கதவு திறந்தது. ஃபோஸ்கா அண்ணி உள்ளே வந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. 

"பதிமூணாந் தேதி அவன் இங்க வர்றதா இருந்தான்," என்றாள். "எட்டு மணிக்கு எழுப்பச் சொன்னான். நான் எழுப்பல."

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். காய்ச்சல் என்பதாலா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். ஒருவேளை அதோடு நிறுத்தலாம் என்றுதான் வந்திருப்பாள். ஆனால் அண்ணன் விடவில்லை.

"முழிச்ச பிறகாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பத்து நாள் பக்கத்து ரூம்லதான இருந்தேன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்காதே என்ற பார்வை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சொல்லணும்னான். நான்தான் விடல. அப்பா உம்மேல கோபமா இருக்காரு, பேசாதேன்னு சொல்லி வெச்சேன். இருபத்தொம்போது வரைக்கும் தள்ளிட்டா என் பேட்டைக்கு வந்துடுவான்னு பார்த்தேன்."

அண்ணன் எழுந்தான். அடித்துவிடுவானோ என்று செத்திமியோ குறுக்கே வந்தார். அவன் அடிக்கவில்லை.

"இனிமே என் மூஞ்சில முழிக்காத," என்றான்.

அவள் போனாள். அவள் போனதும் அண்ணன் அழ ஆரம்பித்தான். அப்படி ஒரு அழுகை. ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், எட்டு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அழுதான். வருகிறேன் என்று சொன்னவன் வந்தவன்தான் என்றார் செத்திமியோ. அவரே ஏணி போட்டு ஏறிக் கொடியை இறக்கினார்.

நான் அண்ணியின் பின்னால் ஓடினேன். மூலைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன்.

"ஏன் அண்ணி இப்படிச் சொன்னீங்க? நத்தைக்குப் போறேன்னு அவன் எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான போனான்?"

"தெரியும்."

"பின்ன?"

"எனக்குக் கொடி இல்லாமயும் அவன் என் புள்ள. உங்கண்ணனுக்கு அந்தக் கொடி இல்லன்னா புள்ளையே இல்ல. பார்த்தியே, பச்சத் தண்ணி குடிக்கல."

அந்தத் துண்டையாவது அவன் சட்டைக்குள்ளே வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினேன். ஆமைக்காரி நான் கெஞ்சினேன்.

"பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவரு புள்ள சட்டப் பொத்தான சரிபண்ணக் குனிவாரு. உனக்கு உங்கண்ணனத் தெரியாதா?" என்றாள் அவள்.

மறுநாள் அண்ணன் குனிந்து பொத்தானைச் சரிசெய்யத்தான் செய்தான்.

மஞ்சளும் நீலமுமாக எங்கள் கொடி பெட்டியின்மேல் கிடந்தது. மேளம் முன்னால் போனது. எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அண்ணி கூட்டத்துக்குப் பின்னால், கழுத்தில் ஒரு துண்டும் இல்லாமல், தனியாக நடந்து வந்தாள். எங்கள் பெண்கள் அவளுக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். புனிதரையே முக்கினவர்கள் பிள்ளையை ஊற்றுக்கு விடுவார்களா என்றார்கள். அவர்கள் வாயை அடைக்க என்னிடம் உண்மை இருந்தது. அதைச் சொன்னால் முன்னால் போகிற என் அண்ணன் அந்த இடத்திலேயே பிள்ளையைத் திரும்பவும் பறிகொடுப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அதுவரை ஒரே வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் இருந்த அண்ணன், அந்த ஆகஸ்ட் பந்தயத்துக்கு வழக்கம்போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்தான். நான்கு நாள் முடிந்தது. ஐந்தாம் நாள் அவன் பெட்டியைக் கட்டவில்லை. இன்றுவரை என்னோடுதான் இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். பேட்டை வேலைக்கெல்லாம் முன்னால் நிற்கிறான்.

ஒவ்வொரு வருஷமும் எங்கள் திருநாளுக்கு மேளத்தோடு மதிலுக்கு வெளியே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எங்கள் பேட்டையில் செத்தவர்களுக்கு மரியாதை செய்வோம். லாப்போவின் கல்லுக்கு அண்ணன் தன் கையாலேயே கொடியைச் சாய்ப்பான். ஆமைக் கூட்டம் நிற்கிற இடத்தில் நத்தைக்காரிக்கு வேலையில்லை. அண்ணி கம்பிக் கதவுக்கு வெளியே நிற்பாள். இந்த வருஷம் எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்குச் சொல்லிடுறேன் அண்ணி. வயசாச்சு ரெண்டு பேருக்கும். போதும்."

அவள் கம்பிக்கு நடுவே உள்ளே பார்த்தாள். அண்ணன் புதிதாகப் பேட்டைக்கு வந்த இரண்டு பேரை நிறுத்திவைத்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்கிறான் என்றேன். எட்டு மணிக்கு எழுப்பச் சொன்னான் என்கிற அதே கதைதான். வருஷத்துக்கு வருஷம் அவனாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறான். இந்த வருஷம், முந்தின நாள் ராத்திரியே லாப்போ ஷூவைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறான்.

சொல்லாதே என்பது போல அண்ணி என் கையை அழுத்தினாள்.

"கறுப்பு ஷூவா?" என்று கேட்டாள்.

கறுப்புதான் என்றேன்.